கோல் பிடித்த வீரர் தியான் சந்த்

ஓர் அணி தோற்றுவிட்டால் ஊரெல்லாம் நீதிமன்றமாகிவிடும். தேநீர்க் கடையிலும் புகைவண்டிப் பெட்டியிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் வழக்கு விசாரணை நடைபெறும். பந்தைத் தவறவிட்ட வீரன் முதலாம் எதிரி. அவனைப் பயிற்றியவர் இரண்டாம் எதிரி. அவ்விருவரையும் தெரிந்து நியமித்த நிருவாகிகள் மூன்றாம் எதிரி. பெரும்பாலும் முதலாம் எதிரிக்கே தண்டனை விதிக்கப்படும். ஏனெனில், எல்லார் கண்முன்னும் வெயிலில் நின்றவன் அவன் ஒருவனே. ஏனைய இருவரும் நிழலில் இருந்தவர்கள்.

இந்திய ஹொக்கி அணியின் இரசிகர்கள் இவ்வழக்கை நெடுங்காலமாக நடத்திவருகின்றனர். ஒருகாலத்தில் உலகில் எவரும் அணுகவொண்ணாத உயரத்தில் நின்ற அணி அது. பின்னர் அது படிப்படியாய் இறங்கியது, இடையிடையே எழுந்தது, மீண்டும் வீழ்ந்தது. வீழ்ந்த ஒவ்வொரு பொழுதும் இரசிகர் மனம் புண்பட்டது. அவர்தம் சினம் நேரியதா, அது சென்று சேரவேண்டிய இடத்திற் சேர்ந்ததா என்று ஆராய விரும்புவோர்க்கு ஒருவரது வாழ்க்கை நல்ல அளவுகோலாக அமையும். அவரே தியான் சந்த். வெற்றியின் உச்சியில் நின்றவரும் அவர். வீழ்ச்சியைக் கண்ணாரக் கண்டு மனம் நொந்தவரும் அவர்.

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கு ஹொக்கி வீரர் சரிதத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். யான் மைதானத்திற் கோல் பிடித்தவன் அல்லன். வகுப்பறையில் வெண்கட்டி பிடித்தவன். ஆயினும் கற்பித்தலும் பயிற்றலும் ஒரே தொழிலின் இரு கிளைகள் அல்லவா? பரீட்சைப் பெறுபேறு குன்றும்போது மாணவனை மாத்திரம் பழிக்கும் வழக்கத்தை முப்பது ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். ஆசிரியரைத் தெரிந்தவர் யார், அவர்க்கு வேண்டிய வசதிகளை மறுத்தவர் யார் என்று கேட்பார் அரியர். வள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமும், தெரிந்து வினையாடல் என அதனையடுத்து மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆளைத் தெரிதல் வேறு. தெரிந்தவனைத் தொழிலில் ஆளுதல் வேறு. இவ்விரண்டும் பிழைத்தவிடத்துத் திறமை மாத்திரம் எத்துணை நாள் நின்று தாங்கும்? இவ்வினாவை உள்ளத்திற்கொண்டே தியான் சந்தின் வாழ்வைச் சொல்லப் புகுகின்றேன்.

அவர் 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆந் திகதி, இன்று பிரயாக்ராஜ் என வழங்கும் அலகாபாத்திற் பிறந்தார். தந்தையார் பிரித்தானிய இந்தியப் படையிற் பணியாற்றியவர். தாமும் ஹொக்கி ஆடியவர். படையினர் குடும்பம் ஆதலால் ஊர் விட்டு ஊர் பெயர்தல் தவிர்க்கவொண்ணாததாயிற்று. அதனால் மகனது பள்ளிப் படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றது. ஈற்றிற் குடும்பம் ஜான்சி நகரில் நிலைபெற்றது. இளமையில் அவருக்கு மல்யுத்தத்திலேயே விருப்பம் இருந்தது. பிறவியிலேயே ஹொக்கி வீரராய்ப் பிறந்தார் என்று புகழ்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

பதினாறு வயது நிரம்பிய பின்னர், 1922ஆம் ஆண்டிலே, சாதாரண சிப்பாயாய்ப் படையிற் சேர்ந்தார். ஹொக்கிக் கோல் அவர் கையில் உறுதியாய் அமர்ந்தது அங்கேதான். படைப்பிரிவிலே சுபேதார் மேஜர் பேலே திவாரி என்னும் ஒருவர் இருந்தார். ஹொக்கியிற் பெருவிருப்புடைய அவரே தியான் சந்தின் முதல் ஆசான். பகற்பணி முடிந்தபின் நிலாவெளிச்சத்திலே பந்தைத் தட்டிப் பழகியமையால் தோழர்கள் சந்திரனைக் குறிக்கும் சந்த் என்னும் சொல்லைத் தியான் சிங் என்னும் அவர் இயற்பெயரோடு சேர்த்தழைத்தனர் என்பர். இப்பெயர்க்கதை எவ்வாறாயினும் ஆகுக. அதனுள்ளே ஓர் உண்மை உண்டு. அறிவிற் சிறந்த ஆசான் ஒருவன் இனங்கண்டான். மாணவன் இராப்பகலாய் உழைத்தான். தியான் சந்தின் வித்தைக்கு மூலம் இவ்விரண்டுமே. மந்திரமும் மாயமும் அன்று.

1926ஆம் ஆண்டில் இந்தியப் படையணி நியூசிலாந்துக்குச் சென்றபோது அவரும் உடன்சென்றார். 21 ஆட்டங்களில் 18இல் வெற்றி, இரண்டிற் சமநிலை, ஒன்றில் மாத்திரம் தோல்வி. திரும்பி வந்தபோது சிப்பாய் லான்ஸ் நாயக் ஆனார். அந்நாளிற் படைவீரன் ஒருவனுக்கு விளையாட்டு ஈட்டித்தந்த ஊதியம் அவ்வளவே.

இரண்டாண்டுகளின் பின்னர் ஒலிம்பிக் விழா அம்ஸ்ரர்டாம் நகரில் நடைபெற்றது. இந்தியா அங்கே முதன்முறையாக ஹொக்கி அணியை அனுப்பியது. புறப்படுமுன் பம்பாயிலே உள்ளூர் அணியோடு ஆடிய ஆட்டத்தில் ஒலிம்பிக் அணி இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. தோற்ற அணியை வழியனுப்ப யார் வருவார்? 1928 மார்ச் மாதத்திலே கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை விட்டு நீங்கியபோது கரையில் நின்று கையசைத்தோர் மூவரே. அம்மூவருள் இருவர் ஹொக்கிச் சம்மேளனத்தின் தலைவரும் உபதலைவரும். எஞ்சிய ஒருவர் பத்திரிகையாளர். ஆகவே பொதுமக்களின் பொருட்டு வந்தவர் ஒருவருமில்லை என்றே கொள்ளலாம்.

அந்த அணியே மே மாதத்தில் ஒஸ்திரியாவை ஆறு கோல்களாலும், பெல்ஜியத்தை ஒன்பதாலும், டென்மார்க்கை ஐந்தாலும், சுவிற்சர்லாந்தை ஆறாலும் வென்றது. இறுதியாட்டத்தன்று சிறந்த வீரர் சிலர் நோயுற்றுக் கிடந்தனர். தியான் சந்தும் உடல்நலம் குன்றியிருந்தார். எனினும் ஒல்லாந்து அணியை அதன் சொந்த மண்ணிலேயே மூன்று கோல்களால் வென்றனர். ஐந்து ஆட்டங்களிலும் இந்தியா இட்டவை 29, பெற்றது ஒன்றுமில்லை. அவற்றுள் 14 தியான் சந்த் இட்டவை. அணி திரும்பி வந்தபோது பம்பாய்த் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு நின்று வரவேற்றனர். போகும்போது மூவர், வரும்போது ஆயிரவர். இரசிகர் என்னும் பெருங்கூட்டத்தின் இயல்பை இவ்விரு காட்சிகளைக் காட்டிலும் தெளிவாய் எடுத்துரைக்க வல்லது பிறிதில்லை.

இவ்வெற்றியின் நடுவே நிகழ்ந்த ஒன்றும் மறக்கற்பாலதன்று. அணித்தலைவராய்ச் சென்றவர் ஒக்ஸ்போர்ட்டிற் கற்ற ஜெயபால் சிங். பின்னாளில் ஆதிவாசி மக்களின் பெருந்தலைவராய் விளங்கியவர். முகாமையாளரோடு ஏற்பட்ட பிணக்கினால், விழா முடியுமுன்பே அவர் அணியினின்றும் விலகினார். இறுதியாட்டத்தில் வேறொருவர் தலைமை தாங்க நேர்ந்தது. எனவே வீரர்க்கும் மேலாளர்க்கும் இடையிலான பிளவு தாழ்வுற்ற காலத்திற் புதிதாய்த் தோன்றிய நோயன்று; அது பொற்காலத்திலேயே அணியோடு கப்பலேறியது. வெற்றி அதனை மறைத்தது. வெற்றி நீங்கியபோது அது வெளிப்பட்டது.

1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் விழாவுக்குச் சென்ற அணி நம் இலங்கை வழியே சென்றது என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது. கொழும்பிலே அவ்வணி இரண்டு ஆட்டங்கள் ஆடிற்று. ஒன்றில் 20 கோல், மற்றதில் 10 கோல். நம்மவர்க்கு ஒன்றுங் கிட்டவில்லை. அன்று அணித்தலைவராய் இருந்த லால் ஷா புகாரி, நாடு பிரிந்தபின் பாகிஸ்தானின் உயர்ஸ்தானிகராக இதே இலங்கைக்கு வந்து பணிபுரிந்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

லொஸ் ஏஞ்சல்ஸில் மூன்று நாடுகளே ஹொக்கியிற் கலந்துகொண்டன. இந்தியா யப்பானை 11க்கு 1 என வென்றது. அமெரிக்காவை 24க்கு 1 என வென்றது. அவ்வாட்டத்திலே தியான் சந்த் எட்டுக் கோல் இட்டார். அவர் தம்பி ரூப் சிங் பத்து இட்டார். அண்ணனை விஞ்சிய தம்பியின் ஆற்றலை அண்ணனே வாயாரப் புகழ்ந்தார். விழா முடிந்தபின்னும் வீரர்க்கு ஓய்வு கிடைக்கவில்லை. பயணச் செலவை ஈடுசெய்ய வேண்டி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊர் ஊராய்ச் சென்று ஆடவேண்டியதாயிற்று. அச்சுற்றில் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 37. இட்ட கோல்கள் 338. அவற்றுள் 133 தியான் சந்தினுடையவை. பொன் பதக்கம் வென்றோர் தம் கப்பற்கூலிக்குத் தாமே உழைத்தனர் என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1935இல் அவர் முதன்முறையாக நியூசிலாந்துப் பயணத்துக்கு அணித்தலைவரானார். அதுவும் முதற்றெரிவாகக் கிடைத்த பதவியன்று. மாணவதார் நவாப் ஆட மறுத்தமையாற் கிடைத்தது. நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளில் நிகழ்ந்த 48 ஆட்டங்களிலும் அவ்வணி வென்றது. தாம் ஆடிய 43 ஆட்டங்களிலே தியான் சந்த் 201 கோல் இட்டார். அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்கும் அவரே தலைவராய்ச் சென்றார்.

பெர்லின் வெற்றியை யாவரும் அறிவர். அவ்வெற்றிக்கு முன் நிகழ்ந்த தோல்விகளைச் சிலரே அறிவர். யான் வலியுறுத்த விரும்புவது அத்தோல்விகளையே. புறப்படுமுன் டில்லியிலே உள்ளூர் அணியொன்று ஒலிம்பிக் அணியை 4க்கு 1 எனத் தோற்கடித்தது. பெர்லினை அடைந்தபின், 1936 யூலை 17ஆந் திகதி, ஜேர்மனியோடு ஆடிய பயிற்சியாட்டத்திலும் அதே 4க்கு 1 என்ற கணக்கிலே தோல்வி. அன்றிரவு வீரர்க்கு உறக்கம் வரவில்லை. தலைவருக்கு உணவும் செல்லவில்லை. அத்தோல்வியைத் தம் ஆயுள் உள்ளளவும் மறக்கமுடியாத ஒன்றாகவே அவர் தம் வரலாற்றிற் பதிந்துவைத்தார்.

அவ்வேளையில் மேலாளர் செய்தது யாது? வீரரைப் பழித்து அறிக்கை விடவில்லை. மைதானத்தையோ வானிலையையோ குறைகூறவில்லை. முன்வரிசையிலே குறை உளது. அக்குறையை நீக்க வல்லவர் இந்தியாவிலிருந்த தாரா என்னும் வீரர். இவ்விரண்டையும் ஒப்புக்கொண்டு, அவரை உடனே அனுப்புமாறு சம்மேளனத்துக்குத் தந்தி அடித்தனர். முகாமையாளருள் ஒருவராகிய பங்கஜ் குப்தா இதில் முன்னின்றார். விமானப் பயணம் பெருஞ்செலவாய் இருந்த அக்காலத்திலே தாராவை விமானத்தில் அனுப்பினர். அரையிறுதி ஆட்டத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். அன்று பிரான்சை 10 கோல்களால் இந்தியா வென்றது. குறையைக் கண்டமை, மறையாது ஒப்பியமை, காலம் தாழ்த்தாது திருத்தியமை ஆகிய மூன்றும் சில கிழமைக்குள் நிறைவேறின. நிருவாகம் என்னும் சொல்லுக்குப் பொருள் இதுவே அன்றோ?

இறுதியாட்டம் மழையினால் ஒருநாள் தள்ளி ஓகஸ்ட் 15ஆந் திகதி நிகழ்ந்தது. எதிரே நின்றது முன்னர் வென்ற அதே ஜேர்மனி. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையிலே பங்கஜ் குப்தா மூவர்ணக் காங்கிரசுக் கொடியை வெளியே எடுத்தார். அடிமை நாட்டின் வீரர் பதினொருவரும் அக்கொடியை வணங்கி மைதானம் புகுந்தனர். பதினொரு ஆண்டுகளின் பின்னர் அதே திகதியில் அந்நாடு விடுதலை பெற்றது. முதற்பாதியில் ஒரு கோலே கிட்டிற்று. ஈரநிலத்திலே கால் வழுக்கியது. இடைவேளையின் பின் தியான் சந்த் முள்ளுச் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இலகுவான இறப்பர்ச் சப்பாத்தோடு ஓடினார் என்பர். வெறுங்காலோடு என்பாரும் உளர். ஜேர்மனியக் கோல்காப்பாளரோடு மோதியதிற் பல்லொன்றை இழந்தார். சிகிச்சை பெற்று மீண்டவர் முரட்டாட்டத்துக்கு முரட்டாட்டத்தால் விடை கூறவில்லை. பந்தை எதிரியின் வட்டம் வரை கொண்டுசென்று, கோல் இடாது திருப்பிக் கொணர்ந்து, வித்தை இன்னதென்று காட்டுமாறு தம் தோழர்க்கு உரைத்தார் எனச் சொல்வர். முடிவு 8க்கு 1. விழா முழுவதிலும் இந்தியா இட்டவை 38. பெற்றது அந்த ஒன்றே.

ஹிட்லரோடு சேர்த்தும், கோலுக்குள் காந்தம் இருந்ததென்று சேர்த்தும் தியான் சந்தைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. அவற்றை ஈண்டு விரித்திலேன். பெரியாரது வாழ்வுக்குப் பொய்யணி பூட்டுதல் அவரைப் போற்றுதல் ஆகாது. அவர் ஆட்டத்தின் தனிச்சிறப்பு, பந்தைத் தாமே வைத்திராது வாய்ப்புடைய தோழனுக்கு ஈந்தமை. இத்தனை கோல் இட்டவர் இத்தனை ஈகையாளராயும் இருந்தார் என்பதே வியப்பு.

உலகப்போர் 1940, 1944 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களை விழுங்கிற்று. அவர்தம் நடுவயது அதனோடு கழிந்தது. 1947ஆம் ஆண்டின் இறுதியிலே, நாற்பத்திரண்டு வயதில், இளைஞர் அணியொன்றோடு கிழக்காபிரிக்கா சென்று 22 ஆட்டங்களில் 61 கோல் இட்டுத் திரும்பினார். அதன்பின் களத்தைவிட்டு விலகினார். 1952இல் அவர்தம் தன்வரலாறு நூலாயிற்று. அதனை வெளியிட்டது தமிழகத்துச் சென்னையிலிருந்த ஒரு விளையாட்டுப் பத்திரிகை நிலையம் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. நூலின் பெயர் கோல் என்பது. 1956இல் அவர் படையினின்றும் ஓய்வுபெற்றார். அவ்வாண்டே இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. மேஜர் தியான் சந்த் என்னும் பெயர் நாடெங்கும் நிலைத்தது.

பின்னர் அவர் ஆசிரியரானார். இராஜஸ்தானத்து அபு மலையிற் பயிற்சி முகாம்களில் இளைஞரைப் பயிற்றினார். பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவகத்தின் தலைமை ஹொக்கிப் பயிற்றுநராகவும் விளங்கினார். அவர் பயிற்றிக்கொண்டிருந்த அக்காலத்திலேதான் இந்திய ஹொக்கியின் மேல்மாடம் விரிசல் காணத் தொடங்கியது.

1928 தொடக்கம் 1956 வரை ஒலிம்பிக்கில் ஆறு முறை தொடர்ந்து பொன். 1960இல் ரோமிலே பாகிஸ்தானிடம் ஒரு கோலால் தோல்வி. 1964இல் தோக்கியோவில் மீண்டும் பொன். 1968இல் மெக்சிக்கோவுக்குப் புறப்பட்டபோது தலைவர் யார் என்னும் பூசல் எழுந்தது. நிருவாகிகள் அதனைத் தீர்த்த விதம் புதுமையானது. பிரிதிபால் சிங், குர்பக்ஸ் சிங் ஆகிய இருவரையும் கூட்டுத்தலைவர் ஆக்கினர். ஒரு வண்டிக்கு இரு சாரதியர்! கிடைத்தது வெண்கலம். 1972இல் மியூனிக்கிலும் வெண்கலமே. வீரரிடம் திறமை குன்றியதால் இவ்விழிவு நேர்ந்ததென்று கொள்ளல் பொருந்தாது. தெரிதலும் ஆளுதலும் குன்றின.

இதற்குச் சான்று 1975ஆம் ஆண்டு. சம்மேளனத்தினுள்ளே பிளவு முற்றியிருந்த வேளையில், உலகக் கிண்ணத்துக்கான பயிற்சி முகாமைப் பஞ்சாப் அரசு தன் பொறுப்பில் ஏற்றுச் சண்டிகாரில் நடத்தியது. பழைய ஒலிம்பிக் வீரர் பல்பீர் சிங் அணியை நெறிப்படுத்தினார். வீரரோடு ஒன்றாய் உறைந்து, ஒழுங்காய்ப் பயிற்றி, கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்றார். மார்ச் 15ஆந் திகதி இந்தியா பாகிஸ்தானை 2க்கு 1 என வென்று உலகக் கிண்ணத்தைப் பெற்றது. வெற்றிக் கோலை இட்டவர் அசோக் குமார். தியான் சந்தின் புதல்வர். தந்தையார் நெஞ்சம் அன்று குளிர்ந்திருக்கும்.

பதினாறு மாதங்கள் கழிந்தன. 1976இல் மொன்றியல் ஒலிம்பிக். அதே அணித்தலைவர் அஜித்பால் சிங். அதே அசோக் குமார். உலகக் கிண்ணம் வென்றோர் பலர் அணியில் இருந்தனர். இந்தியா ஏழாம் இடத்தை அடைந்தது. 1928இன் பின்னர் ஒலிம்பிக் ஹொக்கியில் அது பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதன்முறை. அவ்விழாவிலேதான் புற்றரை நீங்கிச் செயற்கைத் தளம் முதன்முதலாக ஒலிம்பிக் ஹொக்கிக்கு விரிக்கப்பட்டது. செயற்கைத் தளத்திற் பந்து விரைந்து ஓடும். குறுகிய தட்டல்களாற் பின்னப்பெற்ற இந்திய முறைக்கு அது இடங்கொடாது. வலிமையும் வேகமும் ஆண்டவன் வெல்வான். மாற்றம் வருவதை அறிந்த நாடுகள் தளம் அமைத்து வீரரைப் பழக்கின. இந்தியாவின் இளைஞர் பின்னரும் பல ஆண்டுகள் புல்லிலேயே பயின்று, அந்நிய மண்ணிற் சென்றே செயற்கைத் தளத்தை மிதித்தனர். தளம் மாறியது இயற்கையின் கொடுமை அன்று. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மாற்றம். ஆயத்தஞ் செய்யாதது யார் குற்றம்? ஓடிய கால்களின் குற்றம் அன்று.

தமிழிலே கோல் என்பது தடிக்கும் பெயர், ஆட்சிக்கும் பெயர். ஹொக்கிக் கோலின் நுனி வளைந்திருத்தல் வேண்டும். அன்றேற் பந்து நில்லாது. ஆட்சிக் கோலோ வளையலாகாது. பெர்லினிலே வளைய வேண்டியது வளைந்தும், நிமிர வேண்டியது நிமிர்ந்தும் நின்றன. பிற்காலத்தில் இரண்டாவது கோல் வளைந்தது.

மொன்றியல் தோல்வி தியான் சந்தை மிகவும் வாட்டிற்று. அடுத்த ஆண்டு தம்பி ரூப் சிங் இறந்தார். ஜான்சியிலே வாழ்ந்த முதியவருக்குப் பொருள் முட்டும் இருந்தது. அகமதாபாத்தில் நிகழ்ந்த ஒரு போட்டியைக் காணச் சென்றவரை இன்னார் என்று அறியாது வாயிலிலேயே திருப்பி அனுப்பினர் என்று சொல்வர். 1979இன் இறுதியில் ஈரல் நோய் முற்றி, டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்திலே, பொது நோயாளர் விடுதியிற் சேர்க்கப்பட்டார். இந்திய ஹொக்கியைப் பற்றிய நம்பிக்கை அவர் உள்ளத்தில் அப்போது அற்றுப்போயிருந்தது என்பர். திசம்பர் 3ஆந் திகதி உயிர் நீத்தார். உடல் ஜான்சிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் ஆடிய மைதானத்திலேயே படைமரியாதையுடன் தகனஞ் செய்யப்பட்டது.

எட்டு மாதங்களின் பின்னர், தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், பல நாடுகள் பங்குபற்றாத மொஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா மீண்டும் பொன் வென்றது. அதனைக் காண அவர் இல்லை. அதன்பின் நாற்பத்தோராண்டு ஒலிம்பிக் பதக்கம் இல்லை. 1998இல் ஆசிய விளையாட்டு விழாவிற் பொன் வென்று திரும்பிய அணியிலிருந்து பயிற்றுநரும் முன்னணி வீரர் பலரும் சிறிது காலத்திலேயே நீக்கப்பட்டனர். வென்றவரைப் போற்றத் தெரியாத நிருவாகம் தோற்றவரைத் திருத்துவது எங்ஙனம்? 2008 மார்ச் மாதத்திலே, சிலி நாட்டில் நிகழ்ந்த தகுதிகாண் போட்டியிற் பிரித்தானியாவிடம் தோற்று, எண்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஒலிம்பிக் வாயிலையே இந்தியா மிதிக்க முடியாதுபோயிற்று. பயிற்றுநர் பதவி துறந்தார். இரசிகர் சினம் இம்முறை சரியான வாயிலைத் தட்டியது. அடுத்த மாதமே இந்திய ஒலிம்பிக் சங்கம் பழைய சம்மேளனத்தை இடைநிறுத்தியது.

அதன்பின்னும் இடர் உடனே தீரவில்லை. 2012இல் இலண்டனில் இந்தியா பன்னிரண்டாவதாக, ஈற்றிடத்தில் நின்றது. படிப்படியாக முறையான பயிற்சியும், 2018 முதல் ஒடிசா அரசின் ஆதரவும் கிட்டின. 2021இல் தோக்கியோவிலும் 2024இற் பாரிசிலும் வெண்கலம் வந்தது. ஆனால் இடையில் 2023 உலகக் கிண்ணத்தில் அணி காலிறுதியை எட்டாதபோது, தோக்கியோவிற் போற்றப்பெற்ற அதே பயிற்றுநர் விலகிச் செல்ல நேர்ந்தது. இரண்டு ஆண்டும் நிரம்பாத இடைவெளியிலே மாலையும் விடையும்!

இன்று தியான் சந்தின் பெயரால் டில்லியில் மைதானம் உண்டு. இந்தியாவின் தலையாய விளையாட்டு விருது 2021 முதல் அவர் பெயர் தாங்குகின்றது. அவர் பிறந்த நாள் அந்நாட்டின் தேசிய விளையாட்டு நாளாகும். இவை யாவும் நன்றே. ஆயினும் பெயர் சூட்டுதல் எளிது. பொது விடுதியிற் கிடந்த முதியவரை உயிரோடிருக்கையில் நினைத்தல் அரிது. அவர் பயிற்றிய முறையைப் பேணுதல் அதனினும் அரிது.

இரசிகர் சினங்கொள்ளலாகாது என்று யான் கூறேன். அன்பில்லாதவிடத்துச் சினமும் இராது. தோற்ற அணியைக் கண்டு எவரும் வருந்தாத நாளே அவ்விளையாட்டு உண்மையில் இறந்த நாள். ஆனால் சினத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். தோல்வி நேர்ந்தவுடன் கோலைத் தவறவிட்டவன் யார் என்று கேட்பதை நிறுத்தி, குறையை எத்தனை நாளில் ஒப்புக்கொண்டனர், எத்தனை நாளிற் திருத்தினர் என்று கேட்கப் பழகுதல் வேண்டும். பெர்லினில் அதற்குச் சில கிழமை சென்றது. மொன்றியலின் பின்னர் பல ஆண்டுகள் சென்றன. பாடசாலையாயினும் சங்கமாயினும் சம்மேளனமாயினும் இக்கேள்விக்கு விலக்கில்லை. அவ்வாறு கேட்போர் தோற்ற அணி புறப்படும் நாளிலும் துறைமுகத்துக்குச் சென்று வழியனுப்புவாராயின், கேட்கும் உரிமை அவர்க்கு முழுமையாக உண்டு.